கோலப் படத்தை எஸ்விஜி ஆக்கினால் மெஷின் வெட்டிவிடுமா?

தாராபுரத்திலிருந்து ஒரு கேள்வி, 17 டிசம்பர் 2024

மார்கழி பிறந்துவிட்டது. விடியக்காலையில் குனிந்து கோலம் போட இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஸ்டிக்கரும் அட்டையும் வெட்டுகிற சின்ன மெஷின் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. ஃபோனில் இருந்த சிக்குக் கோலப் படத்தை ஒரு இணையதளத்தில் கொடுத்து எஸ்விஜி என்கிற பட ஃபைலாக மாற்றினேன். பிளாஸ்டிக் ஷீட்டில் ஸ்டென்சிலாக வெட்டி, வாசலில் வைத்து மாவைத் தூவிவிடலாம் என்பது திட்டம். மெஷின் படத்தைச் சுற்றி ஒரு சதுரம் மட்டும் வெட்டிவிட்டு நின்றுவிட்டது. எஸ்விஜி என்றால் எந்த மெஷினும் வெட்டும் என்றுதானே சொன்னார்கள்? மெஷினில் கோளாறா, என்னிடம் கோளாறா?

18 டிசம்பர், இரவு

இரண்டு பேரிடமும் இல்லை, ஃபைலில் இருக்கிறது. எஸ்விஜி என்பது வெறும் சாக்குப்பை. மேலே மஞ்சள் என்று எழுதியிருப்பதால் உள்ளே இருப்பது மஞ்சள்தான் என்று ஈரோட்டு மண்டியில் யாரும் நம்ப மாட்டார்கள், கையை விட்டுப் பார்ப்பார்கள். இதிலும் கையை விட்டுப் பாருங்கள். ஃபைலை நோட்பேடில் திறந்தால் போதும். ‘பாத்’ என்ற சொல்லும், அதன் பின்னால் எம், எல், சி, இசட் என்ற எழுத்துகளும் நடுநடுவே எண்களும் இருந்தால் உள்ளே கோடு இருக்கிறது. எம் என்றால் கத்தியைத் தூக்கிக்கொண்டு போய் இங்கே வை. எல் என்றால் நேராக இழு. சி என்றால் வளைத்து இழு. இசட் என்றால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து மூடு. மெஷினுக்குப் புரிகிற மொழி அவ்வளவுதான்.

அதற்குப் பதில் ‘இமேஜ்’ என்று ஒரு சொல்லும், கீழே பக்கம் பக்கமாகப் பிதற்றலும் இருந்தால், உங்கள் ஃபோட்டோவை அப்படியே சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டியிருக்கிறார்கள். ஃபைலின் எடையே சொல்லிவிடும். கோலத்துக்கு 3 எம்பி எதற்கு?

ஃபோட்டோவில் மெஷினுக்குத் தெரிவது அதன் ஓரம் மட்டும். அதனால்தான் சதுரம். படத்தை ட்ரேஸ் செய்து கோடாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. எப்படி என்று நாளைக்கு எழுதுகிறேன்.

19 டிசம்பர்

இங்க்ஸ்கேப் என்று ஒரு வரைகிற சாஃப்ட்வேர். இலவசம். படத்தை உள்ளே கொண்டுவந்து, அதைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ‘ட்ரேஸ் பிட்மேப்’. அதற்குள் உட்கார்ந்து வேலை செய்வது போட்ரேஸ் என்கிற நிரல், பீட்டர் செலிங்கர் என்பவர் 2001-ல் எழுதியது. அதற்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான். எந்தச் சாம்பல் வரைக்கும் கறுப்பு, எங்கிருந்து வெள்ளை என்று நாம் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அந்த எண் முதலில் 0.45-ல் நிற்கும். கோலம் வெள்ளை, வாசல் கறுப்பு என்பதால் ‘இன்வெர்ட்’ என்ற பெட்டியையும் டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாசலை வெட்டித் தரும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம். அது படத்தைப் பிழிந்து அனுப்புவதால் கோட்டின் ஓரமெல்லாம் பொருக்குத் தட்டி இருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, வெள்ளைத்தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் கோலத்தைப் போட்டு, நிழல் விழாமல் நேர் மேலே இருந்து எடுத்த படம். அதற்கு இன்வெர்ட்டும் தேவைப்படாது.

சாணி தெளித்த வாசல் என்றால் மண், தூசி, கோலப்பொடி சிதறல் எல்லாம் தனித்தனிப் புள்ளிகளாக வந்து நிற்கும். அதைச் சலித்தெடுக்க ஒரு அளவு உண்டு. இங்க்ஸ்கேப்பில் ‘ஸ்பெக்கிள்ஸ்’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூல நிரலில் அதன் பெயர் ‘டர்ட்சைஸ்’. தமிழில் சொன்னால் புழுக்கை அளவு. இந்த அளவுக்குக் கீழே உள்ள புழுக்கையை எல்லாம் கூட்டித் தள்ளு என்று அர்த்தம். ஆட்டுப்பட்டி இருக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

ட்ரேஸ் ஆனதும் நோட், அதாவது கோட்டைத் தாங்கும் புள்ளி, எத்தனை என்று பாருங்கள். என் முதல் கோலத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. அத்தனை நோட்டிலும் கத்தி நின்று நின்று போகும், மெஷின் தறி ஓட்டுகிற மாதிரி சத்தம் போடும். கன்ட்ரோல் எல் ஒருமுறை அழுத்தினால் குறையும். மூன்று முறை அழுத்தினால் கோலம் உருகிவிடும்.

19 டிசம்பர், கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். ட்ரேஸ் செய்த கோடு பழைய படத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கோட்டை நகர்த்திவிட்டு அடியில் இருக்கும் ஃபோட்டோவை அழியுங்கள். அழிக்காமல் சேமித்தால் மறுபடியும் அதே சதுரம்.

22 டிசம்பர், ஞாயிறு

நான் சொன்னது தப்பு. முழுத் தப்பு இல்லை, ஆனால் உங்களுக்கு உதவாது.

‘முடிந்தது’ என்று எழுதிவிட்டேனே, நாமே ஒருமுறை செய்து பார்ப்போம் என்று இன்று உட்கார்ந்தேன். ஐந்து புள்ளி, ஒன்று வரை நேர்ப்புள்ளி. 1, 3, 5, 3, 1 என்று பதின்மூன்று புள்ளி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவில் எல்லாம் கோடு குறுக்கே வெட்டிப் போகிற சாதாரணச் சிக்குக் கோலம். கண்ணாடி மாதிரி இருக்கும் பழைய ஓஹெச்பி பிளாஸ்டிக் ஷீட் இருந்தது, ஏ4 அளவு. கோலத்தை 190 மில்லிமீட்டருக்கு வைத்தேன். ட்ரேஸ் அருமை, ஃபைல் அருமை, கத்தி அழகாக வெட்டியது. மெஷினில் ஷீட்டை ஒட்டிவைக்கும் பாயிலிருந்து அதை உரித்தேன்.

கையில் வந்தது நடுவில் பெரிய ஓட்டை விழுந்த ஒரு ஏ4 ஷீட். ஓட்டையின் ஓரம் மட்டும் கோலத்தின் வெளிவளைவு. மற்றதெல்லாம் பாயிலேயே கிடக்கிறது. புள்ளி இருந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு துண்டு, நடுவில் இருக்கும் சின்னச் சின்ன சதுரம் ஒவ்வொன்றும் ஒரு துண்டு, அப்புறம் கோலக்கோடு ஒரு மீன்வலை மாதிரி முழுசாகத் தனியே. இதை வாசலில் வைத்து மாவு தூவினால் ஒரு பெரிய வெள்ளை வட்டம் கிடைக்கும், கோலம் கிடைக்காது.

யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. சிக்குக் கோலத்தின் விசேஷமே கோடு எங்கேயும் அறுபடாமல் புள்ளியை எல்லாம் சுற்றி வளைப்பதுதான். சுற்றி வளைத்த இடத்தை வெட்டினால் அது விழத்தானே செய்யும்.

அந்த மீன்வலையை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஸ்டிக்கராக வேண்டும் என்றால் இதே ஃபைல் சரி. ஸ்டிக்கருக்கு வலை வேண்டும், ஸ்டென்சிலுக்கு வலையைத் தவிர மற்றதெல்லாம் வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று கேட்காமல் ஃபைலை மட்டும் பார்த்துப் பதில் சொன்னது என் தப்பு.

23 டிசம்பர்

விழுந்த துண்டுகளை எண்ணினேன். வலையைத் தவிர்த்து 17. பதின்மூன்று புள்ளிக்கு ஏன் பதினேழு என்று பையனிடம் கேட்டேன், ஒன்பதாவது படிக்கிறான். அவன் சின்னதில் ஆரம்பித்தான். நான்கு புள்ளிக் கோலம்: கோடு நான்கு இடத்தில் வெட்டிக்கொள்கிறது, துண்டு ஐந்து. ஒன்பது புள்ளி: வெட்டுமிடம் பன்னிரண்டு, துண்டு பதின்மூன்று. நம்முடையதில் பதினாறு இடம், பதினேழு துண்டு. வெட்டிக்கொள்ளும் இடங்களை எண்ணி ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோலம் துண்டுபடாமல் ஒரே கொத்தாக இருந்தால் எந்தச் சிக்குக் கோலத்துக்கும் இது பொருந்துகிறது. முனை, விளிம்பு, முகம் என்று கணித மேதை ஆய்லர் சொன்ன கணக்குத்தான் இது என்று சாயங்காலம் வந்து சொன்னான், டியூஷன் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறான்.

கோலத்தில் கணக்குப் பார்ப்பது புதுசும் இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் வேலை செய்தவர்களும் 1974-லேயே கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை போட்டிருக்கிறார்கள். நம் பாட்டிமார் போட்டதை எல்லாம் விதியாக எழுத முடியும் என்பதுதான் அதில் சேதி. நான் ஐம்பது வருஷம் கழித்து ஓஹெச்பி ஷீட்டை வீணாக்கி அதன் ஓரத்தைத் தொட்டிருக்கிறேன்.

26 டிசம்பர்

திருப்பூரிலிருந்து ஒருவர் நடுவில் வேறு சங்கதி கேட்டிருக்கிறார்: 12 அங்குலத்துக்குப் போட்ட டிசைன் மெஷினில் 9 அங்குலமாக வருகிறதாம், ஒவ்வொரு முறையும் அதே 9.

அதே ஒன்பது என்பதால்தான் காரணம் தெரிகிறது. ஃபைலில் அங்குலம் இல்லை, பிக்ஸல்தான் இருக்கிறது. போட்டவரின் சாஃப்ட்வேர் அங்குலத்துக்கு 72 என்று எண்ணியிருக்கிறது, 12 அங்குலம் 864. வாங்கியவரின் சாஃப்ட்வேர் 96 என்று எண்ணுகிறது, 864-ஐ 96-ஆல் வகுத்தால் 9. பழைய இங்க்ஸ்கேப் ஃபைல்களில் 90 என்று மூன்றாவது கணக்கும் உண்டு. 2017-ல் வந்த 0.92 பதிப்பிலிருந்துதான் அவர்களும் 96-க்கு மாறினார்கள். நம் ஊரில் வள்ளம், படி, சேர் என்று ஆளுக்கொரு அளவு வைத்திருந்த மாதிரி.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு சீர்வரிசைக்கு முப்பது தட்டு லேபிள், ஃபைல் வெளியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் போட்டு வாங்கியது. முப்பதையும் வெட்டி முடித்த பிறகுதான் தட்டில் வைத்துப் பார்த்தேன். முக்கால் அளவு. மறுநாள் காலையில் ஒறம்பரை வந்து நிற்கிறார்கள். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் வெட்டினேன்.

அதிலிருந்து யார் ஃபைல் கொடுத்தாலும் மூலையில் 100 மில்லிமீட்டருக்கு ஒரு சதுரம் போட்டுத் தரச் சொல்கிறேன். மெஷின் சாஃப்ட்வேரில் திறந்ததும் அந்தச் சதுரத்தை முதலில் பார்ப்பேன். 75 என்று காட்டினால் மொத்தத்தையும் 133.33 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, சதுரத்தை அழித்துவிட்டு, பிறகு வெட்டு.

29 டிசம்பர், ஞாயிறு

கோலத்துக்கே வருகிறேன்.

விழுகிற துண்டை விழாமல் நிறுத்த எல்லோரும் சொல்லும் வழி பாலம். கோட்டை அங்கங்கே 3 மில்லிமீட்டர் அறுத்து, துண்டை அக்கம்பக்கத்தோடு ஒட்டவிடுவது. பதினேழு துண்டுக்கும் ஒன்றுக்கு இரண்டாகப் பாலம் போட்டேன். ஒற்றைப் பாலத்தில் துண்டு தொங்கும், மாவு தூவும்போது எழுந்துகொள்ளும். விழவில்லை, உண்மைதான். ஆனால் கோலம் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. சிலது கோடு நடுவில் அறுந்தது, சிலது வளைவில் அறுந்தது, கண்ணுக்குக் கோலத்துக்கு முன்னால் அறுந்த இடம்தான் தெரிகிறது.

இதை மேசையில் போட்டுவிட்டுப் போனேன். அம்மாயி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு வயசு, கண் நன்றாகத் தெரியும். உள்ளே போய்ப் பரணுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கோலத் தகடு எடுத்துவந்தது. எந்தக் காலத்திலோ அந்தியூர் குருநாதசாமி தேர்க்கடையில் வாங்கியது. தகரத் தட்டு, அடியில் ஆணியால் அடித்த மாதிரி வரிசையாக ஓட்டை. மாவைப் போட்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் கோலம்.

“ஏங்கண்ணு, இதுல ஒரு துண்டாச்சும் கீழ உழுந்துதா?”

விழவில்லை. விழவும் முடியாது. அதில் கோடே இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருக்கும் தகரம்தான் பாலம். பாலத்தை மறைக்க வேண்டியதும் இல்லை, கோலம் முழுக்கப் பாலமாகவே இருக்கிறது.

29 டிசம்பர், இரவு

ஆர்வத்தில் உடனே ஓடிப்போய்க் கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றினேன். இங்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக் ஸ்டைலில் ‘டேஷஸ்’ என்று இருக்கிறது. திரையில் தேர்க்கடைத் தகடு மாதிரியே வந்துவிட்டது. வெட்டினேன். முழுக்கோடாக வெட்டியது. பதினேழு துண்டு.

புள்ளி என்பது கோட்டுக்குப் போட்ட சாயம். கத்திக்குச் சாயம் தெரியாது. 18-ம் தேதி நானே எழுதியதுதான், மெஷினுக்குப் புரிவது நான்கு எழுத்து என்று. எழுதுவது ஒன்று, புரிவது ஒன்று.

2 ஜனவரி 2025

வந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கோலத்தை ஒற்றைக்கோடாக எடுக்க வேண்டும். சாதாரண ட்ரேஸ் கோட்டின் இரண்டு கரையையும் எடுக்கும், இதற்கு ஆகாது. 2020-ல் வந்த இங்க்ஸ்கேப் 1.0 முதல் ட்ரேஸ் பிட்மேப்பில் ‘சென்டர்லைன்’ என்று ஒன்று இருக்கிறது, அது கோட்டின் நடுவோடு போகும். ஆனால் வெட்டுமிடங்களில் தடுமாறுகிறது, பதினாறில் ஐந்தாறு இடம் கோணலாக வந்தது. நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புள்ளிகளை வைத்துக் கையாலேயே பேனா டூலில் வரைந்தேன். ஒரு கால்பாகம் வரைந்து, திருப்பித் திருப்பி நான்கு. இருபது நிமிஷம். ட்ரேஸ் செய்து சுத்தம் செய்ததற்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

அப்புறம் ஒரு சின்ன வட்டம், 3 மில்லிமீட்டர். அதைப் பாத்தாக மாற்றிக் கோட்டுக்கு மேலே வைத்து, வட்டம், கோடு இரண்டையும் தேர்ந்தெடுத்து, எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ‘ஜெனரேட் ஃப்ரம் பாத்’, அதற்குள் ‘ஸ்கேட்டர்’. இடைவெளி கொடுத்தால் கோடு நெடுக வட்டங்களை நட்டுவிடும், பாத்தியில் நாற்று நட்ட மாதிரி. இவை நிஜமான வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எம்மும் சியும் இசட்டும் உண்டு. வேலை முடிந்ததும் பழைய கோட்டை அழிக்க மறக்காதீர்கள். எனக்கு மறந்தது.

கோடு தன்னைத்தானே வெட்டும் இடத்தில் இரண்டு வட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்படியே விட்டால் அங்கே ஷீட் பிய்ந்துவிடும். பதினாறு இடத்திலும் கையால் ஒன்றை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பதைச் சற்று நகர்த்த வேண்டும். இதற்குக் குறுக்குவழி நான் பார்க்கவில்லை.

வட்டத்தின் அளவைப் பற்றி: 1.5 வைத்துப் பார்த்தேன், வட்டம் வரவில்லை, கண்ணீர்த்துளி மாதிரி வந்தது. இந்த மெஷின்களில் கத்தி இழுபட்டுத் திரும்புகிற ஜாதி. நுனி தண்டுக்கு நேர் கீழே இல்லாமல் ஒரு மயிரிழை தள்ளி இருக்கும், வண்டிக்குப் பின்னால் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். வளைவு ரொம்பச் சின்னதாக இருந்தால் திரும்புவதற்குள் வட்டம் முடிந்துவிடும். 3-ல் சரியாக வருகிறது.

முந்நூற்றுச் சொச்சம் ஓட்டை. ஷீட்டை உரித்ததும் வட்டத் துணுக்குகள் எல்லாம் பாயில் ஒட்டிக்கொண்டு நின்றன. பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்தேன். பாதி தரையில். மூன்று நாளாகக் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

5 ஜனவரி

இரண்டு பேர் தமிழ் எழுத்து வெட்டுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பொங்கல் வருகிறதே.

‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று அட்டையில் ஒரே துண்டாக வெட்டித் தொங்கவிட வேண்டும் என்றால் முதல் எதிரி புள்ளி. ஐந்து மெய்யெழுத்து, ஐந்து புள்ளி, ஐந்தும் தனித்தனியாக உதிரும். கோலத்தில் விழக்கூடாதது விழுந்தது, இங்கே ஒட்டியிருக்க வேண்டியது ஒட்டாமல் போகிறது. ஓலையில் எழுதிய காலத்தில் பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள், படிப்பவர் ஊகித்துக்கொண்டார். நாம் அப்படி விட முடியாது. புள்ளிக்கு ஒரு காம்பு வரைந்து எழுத்தோடு சேர்த்துவிடுங்கள். சுழிக்கொம்பும் துணைக்காலும்கூடத் தனித்தனித் துண்டுதான், எழுத்துகளை நெருக்கித் தொடவைத்து, எல்லாவற்றையும் பாத்தாக்கி, ஒரே உருவமாகச் சேர்க்கும் ‘யூனியன்’ கொடுக்க வேண்டும். யூனியன் கொடுக்காமல் தொடவைத்தால் மட்டும் போதாது. தொடும் இடத்திலேயே கத்தி குறுக்கே போகும், அட்டை இரண்டாகும்.

ஃபான்ட்டைப் பற்றி ஒரு புலம்பல். ஸ்டிக்கர் கடைகளில் இன்னமும் பாமினி புழங்குகிறது. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ‘அம்மா’ போய் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். யூனிகோடில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வெட்டும் சாஃப்ட்வேர் சிலது கொம்பைப் பிரித்து எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும், நடுவில் ஒரு புள்ளிவட்டம் வேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எழுத்தை இங்க்ஸ்கேப்பில் அடித்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, எழுத்தாக இல்லாமல் உருவமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் எழுத்தாக இருக்கும் ஃபைலை ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாத்தாக்கிய பிறகு ‘வாழ்த்துக்கள்’ இல்லை ‘வாழ்த்துகள்’ என்று யாராவது திருத்தினால் மறுபடி முதலிலிருந்து.

5 ஜனவரி, இரவு

பனியனில் ஒட்டுகிற வினைல் என்றால் வெட்டும் முன் ‘மிரர்’. பளபளக்கும் பக்கம் பாயைப் பார்த்து இருக்கட்டும். திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சொல்ல ஆள் இல்லாததால் எங்கள் வீட்டில் ஒரு பனியன் இருக்கிறது, கண்ணாடி முன் நின்றால் மட்டும் படிக்கலாம்.

9 ஜனவரி

பட்டிப் பொங்கலுக்குக் காங்கேயம் காளை ஸ்டிக்கர் வேண்டும், வண்டியில் ஒட்ட, எங்கள் காளை ஃபோட்டோ இருக்கிறது, ட்ரேஸ் செய்தால் வருமா என்று ஒரு தம்பி கேட்கிறார்.

மயிலைக் காளையா? படத்தைப் பார்த்தேன், மயிலைதான். வராது தம்பி. மயிலையில் தலை, கழுத்து, திமில் எல்லாம் கறுத்திருக்கும், வயிறும் முதுகும் வெளுத்த சாம்பல். 0.45-ல் வைத்தால் திமிலும் கழுத்தும் மட்டும் ஆகாயத்தில் மிதக்கின்றன, காளையைக் காணோம். ஏற்றிக்கொண்டே போனால் உடம்பு வருகிறது, கூடவே பின்னால் இருக்கும் சுவரும் வருகிறது. முழுக்கக் கறுத்த காரியாக இருந்திருந்தால் ஒரே அழுத்தில் முடிந்திருக்கும். ஸ்டிக்கருக்காக மாட்டை மாற்ற முடியாது.

பேனா டூலில் மேலேயே வரைந்துவிடுங்கள். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் நோட் வைத்தால் நாற்பதுக்குள் அடங்கும். கொம்பு நுனியைக் கூராக விடாதீர்கள், வினைலை உரிக்கும்போது நுனி கூடவே வந்துவிடும். 1 மில்லிமீட்டருக்காவது மழுக்கிவிடுங்கள். திமிலை மட்டும் நிஜத்தைவிட ஒரு சுற்று எச்சாக வைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

14 ஜனவரி, காலை

பொங்கல். 280 மில்லிமீட்டர் கோலம், கொஞ்சம் கனமான பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டியது. வாசலில் வைத்து மாவைத் தூவி, அட்டையால் ஒரு இழுப்பு இழுத்துத் தூக்கினேன். வந்துவிட்டது. மூலையில் கொஞ்சம் மட்டும் அப்பிக்கொண்டது. வாசல் தெளித்த ஈரம் காயவில்லை, ஷீட்டுக்கு அடியில் மாவு ஒட்டிக்கொண்டது. அம்மாயி வந்து அந்த இடத்தைக் கையால் அழித்துவிட்டுக் கையாலேயே போட்டது. எது மெஷின், எது கை என்று கிட்டே போனால்தான் தெரியும். கை போட்டது நன்றாக இருக்கிறது.

20 ஜனவரி

தாராபுரத்திலிருந்து மறுபடியும் கேள்வி. ஃபைலைத் தங்கைக்கு அனுப்பினாராம், அவர் மெஷின் வேறு, திறக்கவே இல்லையாம்.

கிரிகட் மெஷினின் டிசைன் ஸ்பேஸ் சாஃப்ட்வேர் எஸ்விஜி, டிஎக்ஸ்எஃப் என்ற இரண்டு ஃபைல் வடிவத்தையும் வாங்கிக்கொள்ளும். சில்லவுட் மெஷினுக்கான சில்லவுட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு டிஎக்ஸ்எஃப் திறக்கும், வெளியிலிருந்து வரும் எஸ்விஜிக்குக் காசு கொடுத்து டிசைனர் எடிஷன் வாங்க வேண்டும். பிரதர் ஸ்கேன்அன்கட் மெஷினுக்குச் சொந்த வடிவம் எஃப்சிஎம், அவர்களுடைய கேன்வாஸ்வொர்க்ஸ்பேஸ் எஸ்விஜியை அதற்கு மாற்றித் தரும். ஆக, தங்கைக்கு டிஎக்ஸ்எஃப் ஆகவும் ஒன்று அனுப்பிவிடுங்கள். அது 1982-ல் ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேரோடு பிறந்த பழைய வடிவம், வளைவு பல சமயம் சின்னச் சின்ன நேர்கோடாக உடைந்து போய்ச் சேரும். 3 மில்லிமீட்டர் ஓட்டையில் அதை யார் பார்க்கப்போகிறார்கள். அளவை மட்டும் அந்த நூறு சதுரத்தை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், டிஎக்ஸ்எஃபில் மில்லிமீட்டரா அங்குலமா என்று வேறு குழப்பம் வரும். வந்தால் 25.4 மடங்கு. கோலம் ஏழு மீட்டருக்கு விரியும், தேர்வீதிக்குச் சரியாக இருக்கும்.

12 பிப்ரவரி

நேற்று சென்னிமலைத் தைப்பூசம். கடைவீதியில் கோலத் தகடு விற்றார்கள், இப்போது பிளாஸ்டிக். ஒன்று வாங்கிவந்து வெர்னியரை வைத்து அளந்தேன், அம்மாயியின் தகரத் தகட்டையும் அளந்தேன். பிளாஸ்டிக்கில் ஓட்டை 2.5, தகரத்தில் ஆணிக்கு ஆணி மாறுகிறது, 2-லிருந்து 2.5 வரை. ஜனவரி 2-ம் தேதி நான் 3 என்று சொன்னது மெஷினுக்காக. 2.5-ம் வெட்டிப் பார்த்துவிட்டேன், புதுக் கத்தியாக இருந்தால் வட்டமாகவே வருகிறது, கோடும் மெலிசாக விழுகிறது. மாவை மட்டும் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கடைக் கோலப்பொடியில் ஒரு கல் இருந்தால் அந்த ஓட்டை அன்றைக்கு அடைப்பு.